மஞ்சள் விளக்கும் மலைச் சடக்கும்

நெகிரி செம்பிலானில் சமதரையைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். போர்ட்டிக்சன் கடற்கரையை ஒட்டியும் லிங்கி ஆற்றோரத்திலும் கொஞ்சம் உண்டு. மற்றபடி சிரம்பானை விட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் மேடு, பள்ளம், மறுபடியும் மேடுதான். ஜெலுபுக்குப் போனால் புக்கிட் தங்கா. தங்கா என்றால் ஏணி. கோலப்பிலாவுக்குப் போனால் புக்கிட் புத்துஸ். புத்துஸ் என்றால் அறுந்தது. பெயர் வைத்த மலாய்க்காரர்கள் காலால் ஏறிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

புக்கிட் புத்துஸ் கணவாய்க்குச் சரித்திரமும் உண்டு. 1875-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி, கூர்க்காப் பட்டாளத்துடன் வந்த கேப்டன் சானர் என்ற வெள்ளைக்காரர், இங்கே மரக்கட்டைகளால் அமைத்திருந்த அரணுக்குள் முதல் ஆளாகக் குதித்து விக்டோரியா சிலுவை வாங்கினார். இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உலு பெண்டுல் அருவித் தண்ணீரும், 825 மீட்டர் உயரத்தில் நிற்கும் அங்சி மலையும்தான் ஞாபகம் வரும். இப்போது பாலங்கள் கட்டி அகலமான புதிய சாலை போட்டுவிட்டார்கள். பழைய சடக்கு மரநிழலில் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது. பொழுதைப் பற்றிக் கவலை இல்லாதவர்கள் அதில் போய்ப் பார்க்கலாம். ஆனால் வண்டியில் பிரேக் சரியாக இருக்க வேண்டும்.

அந்தப் பிரேக்கைப் பற்றித்தான் இந்த முறை எழுத வேண்டியிருக்கிறது. கோலப்பிலாவைத் தாண்டிப் பகாவ் வரை உள்ள தோட்டங்களைச் சுற்றிவந்தபோது, எந்த ஸ்டோர் வாசலில் நின்றாலும் ஒரு பழைய நான்கு சக்கர இழுவை வண்டி கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் தோட்டத்தில் அப்படிப்பட்ட வண்டி ஒன்றுதான் இருக்கும். அதுவும் துரையின் லேண்ட் ரோவர். அதன் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்போதே மண்டோர்கள் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். இன்று நிலைமை வேறு. உரக் குத்தகைக்காரர், மளிகைக்கடைக்காரர், செம்பனைக் குலை ஏற்றுகிறவர், கோயில் திருவிழாவுக்குச் சாமான் கொண்டுவருகிற கமிட்டிக்காரர் என்று எல்லாரும் இருபது முப்பது வருஷத்து ஹைலக்ஸ், பஜேரோ, லேண்ட் குரூசர் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். இப்படி நகரத்து முதலாளிகள் ஓட்டிக் கழித்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வண்டிகள் பலவற்றில் ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறது. பலவற்றில் அதன் மஞ்சள் விளக்கும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது.

பகாவைச் சொன்னதும் கெடிஸ் தோட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. டன்லப் கம்பெனியின் பழைய ரப்பர்த் தோட்டம் அது. அந்தக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் சர் எரிக் கெடிஸ். டன்லப் தோட்டங்கள் 1990-ஆம் ஆண்டில் ஐ.ஓ.ஐ. நிறுவனத்தின் கைக்கு மாறின. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி மட்டும் பழைய பெயரை விடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கை முதல் முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் இதே டன்லப்பும் ஒன்று. 1950-களின் தொடக்கத்தில் ஆகாய விமானங்களுக்காக ‘மாக்ஸரெட்’ என்ற கருவியைச் செய்தார்கள். ஈரமான ஓடுபாதையில் விமானச் சக்கரம் சறுக்காமல் இருக்க அது உதவியது. 1966-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜென்சன் எப்.எப். என்ற கார் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும், அதோடு மாக்ஸரெட் பிரேக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்த முதல் விற்பனைக் கார் அதுதான். 1971 வரைக்கும் 320 கார்கள்தான் செய்தார்கள். பகாவில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு, தாங்கள் உழைக்கும் கம்பெனி விமானத்துக்குப் பிரேக் செய்கிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. 1978-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி மின்சார மூளையோடு கூடிய ஏ.பி.எஸ்.ஸை மெர்சிடிஸ் காருக்குக் கொடுத்தது. காட்டுவண்டிகளுக்கு அது பரவலாக வந்தது 1990-களில்.

அது வேலை செய்யும் விதத்தைத் தோட்டத்துப் பாஷையிலேயே சொல்லிவிடலாம். காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி ஆள் கணக்கு எடுப்பது மாதிரி, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி நான்கு சக்கரங்களையும் ஓயாமல் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தோடும் ஒரு பல் வளையம் சுற்றும். அதன் எதிரே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். பல் ஒவ்வொன்றும் கடந்துபோகும்போது கம்பிச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். வேகமாகச் சுற்றினால் அதிகம், மெதுவாகச் சுற்றினால் குறைவு. பிரேக்கை மிதிக்கும்போது மூன்று சக்கரம் சுற்ற ஒன்று மட்டும் திடீரென்று மெதுவானால், ‘இது பூட்டிக்கொள்ளப் போகிறது’ என்று பெட்டி முடிவு கட்டி, அந்தச் சக்கரத்துக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தைத் தளர்த்தும். மறுபடி இறுக்கும், மறுபடி தளர்த்தும். ஒரு விநாடிக்குள் பல தடவை. அப்போதுதான் காலுக்கடியில் பெடல் ‘கடகட’ என்று உதறுகிறது.

இதிலிருந்தே கோளாறின் குணமும் தெரிந்துவிடும். கணக்கு எடுப்பவர் நல்லவர்தான். ஆனால் அவருக்குப் போகும் தகவல் பொய்யானால், அவருடைய தீர்ப்பும் பொய்யாகும்.

பகாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வாசலில் இருக்கும் தகரக்கூரைப் பட்டறையில் இதை நேரிலேயே பார்க்க முடிந்தது. பட்டறை நடத்துகிற அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். லயத்தில் பிறந்து, சிரம்பானில் தொழில் கற்று, திரும்பி வந்து கடை போட்டவர். லயங்களில் இப்போது நம்மவர்கள் குறைவு. வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியரும்தான் அதிகம். ஆனாலும் வண்டிகள் குறையவில்லை என்று சிரித்தார்.

வந்திருந்த வண்டி, உரம் ஏற்றும் குத்தகைக்கார இளைஞர் ஒருவருடையது. இருபது வயதைத் தாண்டிய வண்டி. மஞ்சள் விளக்கு ஒருநாள் எரிகிறது, மறுநாள் அணைகிறது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. அவரைப் பயமுறுத்தியது வேறு. பள்ளிக்கூட முச்சந்தியில் மெதுவாக நிறுத்தப் போகும்போது, நடக்கிற வேகத்தில், பெடல் உதறிக்கொண்டு வண்டி ஒரு முழம் கூடுதலாக நகர்ந்து நிற்கிறது. பிள்ளைகள் குறுக்கே ஓடுகிற இடத்தில் ஒரு முழம் என்பது சின்ன விஷயமா?

“பம்பு பெட்டியையே மாத்தணும்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க அண்ணே. சில ஆயிரம் வெள்ளி ஆகுமாம். இன்னொருத்தர், பல்பைக் கழற்றிப் போட்டுட்டா எரியாதுல்ல, அப்புறம் என்ன கவலைங்கிறார்.”

“பல்பைக் கழற்றுறது காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரை உடைக்கிற மாதிரி தம்பி. வண்டிய உள்ள விடுங்க” என்றார் அண்ணன்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் நல்ல வண்டி என்று அர்த்தமில்லை. யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். சாவி போட்டதிலிருந்தே அணையாமல் நின்றால் பெரும்பாலும் கம்பி அறுந்தது, பியூஸ் போனது, ரிலே கெட்டது, பாட்டரி பலவீனம் என்ற வகை. அணைந்துவிட்டு, வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்த பிறகு எரிந்தால், ஏதோ ஒரு சக்கரத்திலிருந்து வரும் தகவலில்தான் சந்தேகம். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பழையபடி பிடிக்கும். பூட்டிக்கொள்ளாத வசதி மட்டும் இருக்காது. சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் விஷயம் வேறு. பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். பின்சக்கரப் பிரேக்கின் அளவையும் அதே பெட்டி பார்த்துக்கொள்கிற வண்டிகளில், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அப்போது ஓட்டக் கூடாது.

அண்ணன் முதலில் பாட்டரியையும், அதன் பூமிக் கம்பி சேசிஸில் இறுகியிருக்கிறதா என்பதையும் பார்த்தார். இதற்கே பாதி பேர் மெனக்கெடுவதில்லை. பிறகு கோளாறு எண்ணை எடுத்தார். 1990-களின் வண்டிகளில் இதற்குப் பெரிய மிஷின் தேவையில்லை. டொயோட்டாவை எடுத்துக்கொண்டால், சோதனைப் பிளக்கில் குறிப்பிட்ட இரண்டு துளைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் மஞ்சள் விளக்கே சிமிட்டிச் சொல்லும். மூன்று சிமிட்டல், சற்று நிறுத்தம், பிறகு ஒன்று என்றால் 31. முன்பக்க வலது சக்கரம். 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது. 41 என்றால் மின்சார அழுத்தம் போதவில்லை. 51 வந்தால்தான் பம்பு மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். நிறுத்தமே இல்லாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோளாறு பதிவாகவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் துளையும் எண்ணும் மாறும். அந்தந்த வண்டியின் புத்தகத்தைப் பார்க்காமல் கம்பியைச் சொருகினால் பெட்டி புகைந்துவிடும்.

இந்த வண்டி சொன்ன எண், அதன் அட்டவணைப்படி, பின்பக்க வலது சக்கரம். அண்ணன் சாவியை எடுத்துவிட்டு, அந்தச் சென்சாரின் பிளக்கைப் பிரித்தார். உள்ளே பித்தளை முள்களில் பச்சை நிறத்தில் பொடி பூத்திருந்தது.

“பொட்டாஷ்” என்றார், மோந்து பார்க்காமலே.

செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒருவகை உப்புதான். பின்னால் மூட்டை கிழிந்து சிந்தும். மழையில் கரைந்து வண்டியின் அடிப்பாகத்துக்கு வழியும். கடலோரத்து வண்டியை விட வேகமாகத் துருப்பிடிக்கும். ரப்பர்த் தோட்டமானால் அமோனியா. பால் உறையாமல் இருக்க ஊற்றுகிற அந்தத் திரவத்துக்குச் செம்பும் பித்தளையும் ஆகாது. வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாகவே வெடித்துக் கீறின என்பார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். ஒரு தோட்டாவுக்கே அந்தக் கதி என்றால் தலைமுடி கனக் கம்பிக்கு என்ன கதி! போதாததற்கு எலிகள் வேறு. செம்பனைக் காட்டில் எலியை ஒழிக்கக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள். அந்தக் கூகைக்குத் தப்பிய எலி இரவில் இளஞ்சூடான எஞ்சினுக்குள் படுத்துக்கொண்டு கம்பித் தோலைக் கடிக்கிறது.

பிளக்கைச் சுத்தம் செய்து, கம்பியை ஆட்டி ஆட்டி மீட்டரில் அளந்தார். முதலில் ஆட்டினால் முள் துள்ளியது. சுத்தம் செய்த பிறகு ஆயிரம் ஓமுக்கு அருகில் ஆடாமல் நின்றது. இந்த வகைச் சென்சார்களுக்கு அது இயல்பான அளவுதான். (புதுக் கார்களில் வரும் வேறு வகைச் சென்சாரை இப்படி ஓம் மீட்டரால் அளக்கக் கூடாது, கெட்டுவிடும்.) விளக்கு எரிந்து அணையும் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது.

நான் வேலை முடிந்தது என்று எண்ணினேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

“இது விளக்கு எரியறதுக்குக் காரணம். பெடல் உதறுறதுக்கு இது இல்ல” என்றார்.

அவர் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. பெட்டி தனக்குப் பொய்யென்று தெரிந்த தகவலுக்குத்தான் எண் போட்டு வைக்கும். நம்பிய பொய்க்கு எண் கிடையாது. ஒரு சென்சாரின் மின்சாரம் பலவீனமாக இருந்தால், வேகமாக ஓடும்போது சமாளித்துவிடும். வண்டி நிற்கப்போகும் வேகத்தில், மற்ற மூன்றும் இன்னும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க, இது மட்டும் முன்னதாகவே ஊமையாகிவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று பெட்டி நம்பி, பிரேக்கைத் தளர்த்திவிடும். அந்த முழம் நீளம் அங்கேதான் பிறக்கிறது.

சிமெண்டுத் தரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தினார். ஒவ்வொரு சென்சாரிலும் மீட்டரை மாறுமின்சார அளவில் வைத்து, விநாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் கையால் சுற்றினார். எவ்வளவு மில்லிவோல்ட் வரவேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். மூன்று சக்கரங்கள் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. முன் இடது சக்கரம் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். பேரிங் லேசாக ஆடியது. சென்சாரைக் கழற்றப் பத்து நிமிஷம் போராட வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது அதன் காந்த முனையில் பிரேக் தட்டிலிருந்து தேய்ந்த இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தது. அது உட்காரும் இடத்தில் துரு மேடு கட்டி, சென்சாரைப் பல் வளையத்திலிருந்து விலக்கித் தூக்கியிருந்தது. துருவைச் சுரண்டி, தூளைத் துடைத்து, வளையத்தின் பற்களில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, பேரிங்கை மாற்றி, மறுபடி சுற்றினார். நான்காவது சக்கரமும் மற்ற மூன்றோடு சேர்ந்துகொண்டது.

என் அபிப்பிராயத்தில், பம்பு பெட்டியை மாற்று என்று முதல் பேச்சிலேயே சொல்கிற கடையை விட்டு அப்போதே வெளியே வந்துவிடலாம். கம்பி, பிளக், துரு, பேரிங், டயர் இவ்வளவையும் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு எழ வேண்டும். டயரைச் சொன்னேன் அல்லவா? ஒரு சக்கரத்தில் மட்டும் அளவு வேறான டயரைப் போட்டால் அது மற்றவற்றோடு ஒத்துச் சுற்றாது. பெட்டி குழம்பி விளக்கை ஏற்றிவிடும். தோட்டத்து வண்டிகளில் இது சர்வசாதாரணம். பிரேக் எண்ணெயையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த ஈரம்தான் கடைசியில் பெட்டிக்குள் இருக்கும் வால்வுகளை அரிக்கிறது.

நான்கு சக்கர இழுவைக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. முன்னும் பின்னும் கெட்டியாகப் பூட்டி இழுக்கும்போது, வழுக்கும் களிமண்ணில் நான்கு சக்கரமும் ஒன்றாகவே நின்றுபோகலாம். பெரட்டில் நான்கு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொன்னால் கங்காணி என்ன செய்வார்? அதற்காகத்தான் இப்படிப்பட்ட வண்டிகளில், வண்டி உண்மையிலேயே வேகம் குறைகிறதா என்று தனியாக உணரும் இன்னொரு சென்சாரும் வைத்திருக்கிறார்கள். அது தளர்ந்து சாய்ந்து உட்கார்ந்தாலும் மஞ்சள் விளக்கு வரும். வேறு சில வண்டிகளில், எண்பதாம் வரிசை லேண்ட் குரூசர் மாதிரி, நடு டிபரென்ஷியலைப் பூட்டியதும் ஏ.பி.எஸ். தானாகவே ஒதுங்கிக்கொண்டு விளக்கைக் காட்டும். அதைக் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை.

அப்படி ஒதுங்குவதற்கும் நியாயம் இருக்கிறது. தார்ச்சாலை ஈரமாக இருக்கும்போது ஏ.பி.எஸ். உயிர்காக்கும், பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும். உதிரி மண்ணிலும் சரளைக்கல்லிலும் கதை வேறு. அங்கே பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அணை போட்டுக்கொண்டு சீக்கிரம் நிற்கும். ஏ.பி.எஸ். உள்ள வண்டி அந்த அணையைக் கட்டவிடாமல் உருண்டுகொண்டே போகும். ஆகையால் செம்பனைக் காட்டுச் சரிவில் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. லோ கியரில் போட்டு, எஞ்சின் பிடிப்பில் இறங்க வேண்டும். பழைய லோரி டிரைவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் வண்டியை ஆள் நடமாட்டமில்லாத காட்டுச் சடக்குக்குக் கொண்டுபோனோம். முதலில் நடக்கிற வேகத்தில் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்தார் அண்ணன். பெடல் உதறவில்லை. பிறகு மழைத்தண்ணீர் வழிந்த தார்த்துண்டில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே ஓங்கி மிதித்தார். அப்போது உதறியது, உதற வேண்டிய இடம் அதுதான். வண்டி கோடு மாறாமல் நின்றது. பட்டறைக்குத் திரும்பியதும் கோளாறு எண்ணை அழித்தார்கள். சோதனைத் துளையில் கம்பி இருக்கும்போதே சில விநாடிகளுக்குள் எட்டுத் தடவை பெடலை மிதித்தால் அழிந்துவிடும் வகை அது. இளைஞர் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே மிதித்தார்.

பிளக்குக்கு ஈரம் ஏறாத கிரீஸ் தடவி மூடிவிட்டு, அண்ணன் கூலியைச் சொன்னார். பேரிங் விலையோடு சேர்த்தும் அந்தப் பம்பு பெட்டிக் கணக்குக்குக் கிட்டேகூட வரவில்லை.

“பொட்டாஷ் ஏத்துன அன்னைக்கே அடிப்பாகத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவிடுங்க தம்பி. மறுநாள்னு விடாதீங்க.”

“நாளைக்கே ரெண்டு டன் இருக்கு அண்ணே.”

“அப்ப நாளைக்குச் சாயங்காலம் இங்க கொண்டாங்க, குழாய் இங்க இருக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற குலை லோரியின் மூடியைத் தூக்கினார்.